வீட்டுக் கொட்டிலில் டீக்கி

பசுபிக் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கப்படும் மனித உருவமே டீக்கி. மாவோரிகளுக்கு அது முதல் மனிதனின் பெயருங்கூட. அமெரிக்காவிலோ 1950களில் மதுச்சாலை அலங்காரமாகப் பரவி, பின்னர் வீட்டுக் கொட்டில்களில் பலர் செதுக்கும் பொழுதுபோக்காயிற்று.

கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் வெட்டி வீசப்படும் பனையினக் குற்றிகளையே பலர் எடுக்கின்றனர். தென்னையோடு பழகிய எமக்கு இம்மரத்தின் குணம் புதிதல்ல: வெளியே வைரம், நடுவிலே சோற்றி. ஆகவே மூக்கும் உதடும் வைரத்துக்குள்ளேயே அமைய வேண்டும். உளி மழுங்கினால் நார் பிய்ந்துவிடும். ஈரம் இருக்கும்போதே செதுக்கி, நிழலில் மெதுவாக உலரவிடுவர். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வேரோடு கிளப்பிய மரமாயின் தலைகீழாக நிறுத்துவர், வேர்கள் தலைமயிராகிவிடும். நல்ல யுக்திதான்!

இவ்வுருவங்களுக்குப் பழைய வாழ்வொன்றும் உண்டு. அதே கடலின் ருருட்டு தீவினர் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது, 1821இல், ஆஆ என்ற தம் தெய்வ உருவை லண்டன் மிஷன் சங்கத்தாரிடம் ஒப்படைத்தனர். மிஷனரிமார் அதனை வெறும் விக்கிரகமாகவே கண்டனர். பிற்காலத்தில் ஓவியர் பிக்காசோ அதன் வார்ப்புப் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். மூல உருவம் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. உளி எடுப்பவர்கள் அதன் படத்தையாவது முதலில் பார்க்கட்டும் என்போம். உயரம் 117 சென்ரிமீற்றர். முகத்திலும் மேனியிலும் 30 சிற்றுருவங்கள். ஒன்றுகூட ஒட்டியதல்ல, எல்லாம் அதே மரத்தில் செதுக்கியவை.