மழைக்குப் பின் காருக்குள் ஏன் நாற்றம்?

மும்பை தாதரின் ஹிந்த்மாதா பகுதியில் தேங்கும் மழைநீர் காருக்குள் புகுந்தால், மேல்விரிப்பு சீக்கிரம் காய்ந்தாலும் நாற்றம் போகாது. ஏன்? விரிப்புக்கு அடியிலுள்ள ஸ்பாஞ்ச் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மும்பையின் ஜூலை ஈரக்காற்றில் அது லேசில் உலராது, பூஞ்சை பிடிக்கும். வாசனை ஸ்பிரே நாற்றத்தை மறைக்குமே தவிர, பூஞ்சையைப் போக்காது.

முதல் தேவை, தண்ணீரையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர். வீட்டிலுள்ள சாதாரண வேக்குவத்தால் நீரை இழுத்தால் மோட்டார் கெடும், ஷாக்கும் அடிக்கலாம். விரிப்பைத் தூக்கி அடிப்பக்கத்தையும் உறிஞ்சி, ஃபேன் போட்டு உலர்த்த வேண்டும்.

பிறகு டாஷ்போர்டைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணிதான் சரி. முடியைவிட மெல்லிய, பிளவுபட்ட இழைகள் தூசியை இடுக்குகளில் பிடித்துக்கொள்ளும். பழைய பனியன் துணி அதைத் தள்ளிக்கொண்டே போகும். பூஞ்சையைப் போக்க பிளீச் வேண்டாம், சீட்டின் சாயம் போய்விடும். உள்ளே வந்தது சாக்கடை கலந்த வெள்ளம் என்றால், கையுறை போடாமல் தொடாதீர்கள்.