சிதறுண்ட மக்களின் சபாமண்டபம்

ஒரு ஜனசமூகத்தை அடிமைப்படுத்தக் கருதுவோர் அதன் நிலத்தைக் கைப்பற்றுவதோடு நிற்பதில்லை. அதற்குச் சரித்திரமுமில்லை, இலக்கியமுமில்லை என்று உலகத்தாரை நம்பச் செய்வார்கள்; நாளடைவில் அந்த ஜனங்களே அதை நம்பத் தொடங்குவார்கள். ஆப்பிரிக்க மக்கள் விஷயத்தில் இப்பொய் ஐரோப்பியப் பண்டிதர் பலரால் சாஸ்திரம்போலவே போதிக்கப்பட்டது. இதற்கு மறுப்பாக 1947-ம் வருஷக் கடைசியில் பாரிஸ் நகரத்திலிருந்து ஒரு பத்திரிகை புறப்பட்டது. 'பிரெஸான்ஸ் ஆப்பிரிக்கேன்' என்பது அதன் பெயர். 'ஆப்பிரிக்காவின் இருப்பு' எனலாம். இல்லையென்று பிறரால் சொல்லப்பட்டவர்கள், இதோ இருக்கிறோமென்று பெயரிலேயே விடை கொடுத்துவிட்டார்கள்.

அதன் ஸ்தாபகர் அலியூன் தியோப் 1910-ல் செனகால் நாட்டில் பிறந்தவர். பிரெஞ்சுப் பார்லிமெண்டின் மேற்சபையில் அங்கம் வகித்தவர். பின்னர் தம் ஆயுளைப் பத்திரிகைக்கே அர்ப்பணம் செய்தார். தாம் எழுதியது சொற்பம். பிறரை எழுதச் செய்தது ஏராளம். பத்திராதிபருக்கு இதைவிட வேறு இலக்கணம் நாமறியோம். ழீட், சார்த்தர் முதலிய பிரெஞ்சு ஆசிரியர்கள் துணைநின்றனர். அவர்களோடு மார்த்தினீக் தீவின் எமே செசேர், செனகாலின் செங்கோர், அமெரிக்காவின் ரிச்சர்ட் ரைட் ஆகியோர் சேர்ந்தனர். அடிமைக் கப்பல்கள் பிரித்த சந்ததியார் ஒரு பத்திரிகையின் பக்கங்களில் மீண்டும் சந்தித்தனர்.

1949-ல் பிரசுராலயமும் ஏற்பட்டது. அதன் முதல் நூல் பாந்து மக்களின் தத்துவத்தைப் பற்றி பெல்ஜியப் பாதிரியார் தெம்பெல்ஸ் எழுதியது. அந்நூலைக் கடுமையாகக் கண்டித்த செசேரின் புத்தகத்தையும் 1955-ல் அதே பிரசுராலயம் வெளியிட்டது. தம் அச்சகத்து நூலையே தாக்குகிற நூலை அச்சிடத் துணியும் பிரசுரகர்த்தர் எத்தனை பேர்?

1956 செப்டம்பரில், தியோப்பின் முயற்சியால் கறுப்பின எழுத்தாளர், கலைஞர்களின் முதலாவது மகாநாடு ஸோர்போன் சர்வகலாசாலையில் கூடிற்று. அமெரிக்கக் கறுப்பர்களின் முதுபெருந்தலைவர் டுபாய்ஸுக்கு அப்போது வயது 88. அவருக்கு அமெரிக்க அரசாங்கத்தார் பாஸ்போர்ட் மறுத்துவிட்டனர்! அவர் அனுப்பிய செய்தி சபையில் வாசிக்கப்பட்டது. இக்காலத்தில் வெளிநாடு செல்லும் அமெரிக்கக் கறுப்பர் ஒன்று வாய்மூடியிருக்க வேண்டும், அல்லது அரசாங்கத்தார் விரும்புவதைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அங்கு வந்திருந்த அமெரிக்கப் பிரதிநிதிகளின் தர்மசங்கடத்தை எழுதவும் வேண்டுமோ? அமெரிக்கக் கறுப்பரின் நிலையும் ஒருவகைக் குடியேற்ற நாட்டு நிலையே என்று செசேர் வாதித்தபோது அவர்களிற் சிலர் ஆட்சேபித்தனர். கவிதை பேசக் கூடிய சபை இவ்வாறு ராஜீய சபையாயிற்று. அடிமை நாட்டில் இவ்விரண்டையும் பிரிக்க முடியுமென்போர் அடிமைத்தனத்தை அறியாதவரே.

ஆயினும், ஆள்வோரின் பிரெஞ்சு பாஷையிலேயே எழுதியது முறையா? சிதறுண்டவர்களுக்கு வேறு பொதுப் பாஷை இருக்கவில்லை; இது நியாயமே. ஆனால் இதோடு திருப்தியடைய எமக்கு மனமில்லை. அந்தப் பிரசுராலயத்திலிருந்தே 1954-ல் ஷேக் அந்தா தியோப் என்ற வேறொரு அறிஞரின் நூல் வெளிவந்தது. பண்டைய எகிப்தின் நாகரிகம் கறுப்பர்களுடையதே என அவர் அதில் வாதித்தார். அத்துடன் ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவச் சுருக்கத்தை வொலோப் பாஷையில் பெயர்த்தும் காட்டினார். நம்மிடையே தாய்மொழியில் சாஸ்திரம் கற்பிக்கவியலாதென்று இன்றும் தலையசைக்கும் கனவான்கள் இந்நூலைக் கவனிப்பார்களாக.

1980-ல் அலியூன் தியோப் காலமானார். அவருக்குப் பின் மனைவியார் கிறிஸ்தியான் தியோப் பிரசுராலயத்தை ஏற்று நடத்தினார்.