லொறி பின்னுக்கு வரும்போது

1990இல் எல்லாவற்றையும் விட்டுப் போய், மீண்டும் யாழ்ப்பாணம் வந்து தொழிலைத் தூக்கி நிறுத்திய நம்மவர்களில் பலர் பழைய இரும்பு வியாபாரத்தில் இருக்கிறார்கள். அந்த வியாபாரம் லொறியை நம்பியது. விபத்து என்றதும் ஏ9 வீதிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் லொறி கொழும்புக்குப் புறப்படும் முன்பே, நம் கடை வளவுக்குள் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

சோனகத்தெருப் பக்கத்து ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. பாடசாலை விடும் நேரத்தில் பிள்ளைகளும் அதே வழியில்தான் வருவார்கள். லொறி பின்னோக்கி வரும்போது பெட்டிக்கு நேர் பின்னால் நிற்பவர் இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் தெரியமாட்டார். கிளீனர் பையனோ சரியாக அந்த இடத்தில் நின்றுதான் "வா, வா" என்று கை காட்டுகிறான்! அவன் நிற்க வேண்டியது பக்கவாட்டில், சாரதியின் கண்ணாடியில் தெரியும் இடத்தில். அவன் கண்ணாடியிலிருந்து மறைந்தால் லொறி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்கட்டும். நாலு பேர் கத்தினால் சாரதி யாரைக் கேட்பார்? இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை.

இரும்பு ஏற்றும்போது என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, சில்லுக்குக் கட்டை வையுங்கள். சுமைக்கு மேல் ஆட்களை ஏற்ற வேண்டாம்.

கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பகல் முழுக்கச் சுமை ஏற்றிய அதே சாரதியை இஷாவுக்குப் பின் அனுப்பி, விடியுமுன் போய்ச் சேரச் சொல்கிறோம். வன்னியில் இருட்டில் மாடுகள் வீதிக்குக் குறுக்கே வரும். அங்கே அவர் கண் அயர்ந்தால், அவரை மட்டும் குறை சொல்லலாமா? புறப்படும் நேரத்தைக் குறித்தவர் முதலாளி அல்லவா?

சட்டமும் முதலாளியிடம்தான் வருகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையால் நேரும் விபத்துக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு அவருடையது. வேலைக்கு வரும், வீடு திரும்பும் வழியில் நேரும் விபத்துகளையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குள் கொண்டுவந்தது. லொறியின் மூன்றாந்தரப்புக் காப்புறுதி எல்லோரையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம். கிளீனரும் சுமை ஏற்றுபவரும் அதில் அடங்குகிறார்களா என்று காப்புறுதி முகவரிடம் இன்றே கேளுங்கள்.

இன்னொன்று. நாட்கூலிக்கு வருகிறவரின் பெயரையும் கொப்பியில் எழுதி வையுங்கள். ஏதும் நடந்துவிட்டால், அவர் உங்களிடம் வேலை செய்தார் என்று காட்ட அந்தக் குடும்பத்துக்கு வேறு எந்தக் கடதாசியும் இருக்காது.