பில்லில் ஒளிந்திருக்கும் பன்னிரண்டு!

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த சந்தோஷத்தில் யாரும் பில்லைப் படிப்பதில்லை. கொஞ்சம் படியுங்கள், ஸார்! கம்ப்யூட்டர் புரோகிராமின் முதல் பாடமே அதில்தான் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள லாட்ஜில் தினவாடகை 900 ரூபாய்க்கு ஒரு ரூம். 2022 ஜூலை 17 வரை அதற்கு வரி கிடையாது. மறுநாள் முதல் 12 சதவிகிதம். அதாவது 108 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதம், 45 ரூபாய். ரூம் அதே ரூம், கட்டில் அதே கட்டில். மாறியது வரி மட்டும்தான்.

இந்த லாட்ஜுக்கு பில் போடும் புரோகிராமில் 'வாடகையை 12-ஆல் பெருக்கி 100-ஆல் வகு' என்று ஒருத்தர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி நேராக எழுதும் எண்ணுக்கு 'லிட்டரல்' என்று பெயர். பில்லில் ஒரு 12, ரசீதில் ஒரு 12, மாசக் கணக்கில் ஒரு 12...

வரி குறைந்ததும், 'எங்கெல்லாம் 12 இருக்கோ, அங்கெல்லாம் 5 போடு' என்று உத்தரவு போட்டால்? கம்ப்யூட்டர் ரொம்ப சமர்த்து, சொன்னதைச் செய்துவிடும். பகல் 12 மணி செக்-அவுட், 5 மணி ஆகிவிடும். வருஷத்துக்கு அஞ்சே மாசம்! எந்த 12 எதற்கு என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் பெயர் வைக்கவில்லையே!

'வரிவிகிதம் = 12' என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் 'வரிவிகிதம்' என்ற பெயரை மட்டும் போட்டால் தொல்லை தீர்ந்தது. இதுதான் 'வேரியபிள்'. தமிழில் 'மாறி'. சமையலறை டப்பா மாதிரி. லேபிள் அதேதான், உள்ளே இருக்கும் சரக்குதான் மாறும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. டப்பாவில் 5-ஐப் போட்ட பிறகு, 2024-ல் தங்கியவரின் பில்லை மறுபடி அச்சடித்தால் 108-க்குப் பதில் 45 வந்து நிற்கும். ஆடிட்டர் சும்மா விடுவாரா? அதனால்தான் விவரமானவர்கள், எந்தத் தேதியிலிருந்து எத்தனை சதவிகிதம் என்று பட்டியல் போட்டு வைக்கிறார்கள். தங்கிய தேதியைப் பார்த்து புரோகிராம் அதிலிருந்து சரியான எண்ணை எடுத்துக்கொள்ளும்.

அதற்காக எல்லாவற்றையும் டப்பாவில் அடைக்க வேண்டாம். மணிக்கு 60 நிமிஷம் என்பதை எந்த பட்ஜெட்டும் மாற்றப் போவதில்லை!

அடுத்த கிரிவலத்துக்குப் போய் அதே ரூமில் தங்கினால், பில்லை ஒரு நிமிஷம் பாருங்கள். இன்னமும் 12 சதவிகிதம் என்று இருந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள். 63 ரூபாய் உங்களுடையது!