வாசலில் மேன்ஹோல் இருந்தால் போதுமா?

பாகான் டாலாமில் குடியிருக்கும் மூன்றாம் படிவ மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சார், எங்கள் வீட்டு வாசலிலேயே மேன்ஹோல் இருக்கிறது. ஆனாலும் பின்புறம் செப்டிக் தொட்டிதான் இருக்கிறது. அந்தக் குழாயில் சேர்த்துவிட முடியாதா?"

நல்ல கேள்வி. முதலில் அந்த மூடி யாருடையது என்று பார்க்க வேண்டும். அதன் கீழே தொலைபேசிக் கம்பியும் ஓடலாம். கழிவுநீர்க் குழாய்தான் என்றால், அடுத்து வருவது நீங்கள் படிக்கும் இயற்பியல்.

கழிவுநீரை வீட்டிலிருந்து இழுத்துச் செல்வது புவியீர்ப்பு. அதற்குக் குழாய் சரிந்திருக்க வேண்டும். நீர் வினாடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் திடக்கழிவு படியாமல் அடித்துச் செல்லப்படும். மெதுவாக ஓடினால் கசடு கீழே தங்கும். செப்டிக் தொட்டியில் நாம் வேண்டுமென்றே நடத்தும் இதே படிவு, குழாயில் நடந்தால் அடைப்பு.

ஒரு கணக்கு போடுவோம். வீட்டுக் குழாய் முற்றத்துத் தரைக்கு 50 செ.மீ. கீழே வெளியேறுகிறது; மேன்ஹோல் 24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 60 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்தால், 24 மீட்டரில் குழாய் 40 செ.மீ. இறங்கும். மொத்தம் 90 செ.மீ. பொதுக் குழாய் 150 செ.மீ. ஆழத்தில் இருந்தால் கவலையில்லை. ஆனால் பழைய வீடுகளைப் பாருங்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும், வீடு பள்ளத்தில் நிற்கும். முற்றம் சாலையைவிட 60 செ.மீ. தாழ்வு என்றால் 90 என்பது 150 ஆகிவிடும். சரிவு அங்கேயே தீர்ந்துவிட்டது.

இந்த உயர வேறுபாட்டை அளக்கக் கொத்தனார்கள் ஒளிபுகும் ரப்பர் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் பிடிப்பார்கள். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். முற்றத்துக்கும் சாலைக்கும் இடையே நீங்களும் அளந்து பார்க்கலாம். மேன்ஹோல் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆளைக் கொல்லும்.

பிறை ஆற்றை ஒட்டிய இந்தச் சமவெளியில் பொதுக் குழாய்க்கும் இதே சிக்கல்தான். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிந்தாலும், 500 மீட்டரில் அது இரண்டரை மீட்டர் ஆழம் போய்விடும். அதனால்தான் தட்டையான ஊர்களில் ஆங்காங்கே பம்பு நிலையம் வைத்து நீரை மேலே தூக்குகிறார்கள்.

அடுத்தது கொள்ளளவு. மலேசிய வடிவமைப்பு விதிப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர், ஒரு வீட்டுக்கு ஐந்து பேர். ஆக, நூறு வீடுகளுக்கு 1,12,500 லிட்டர், சராசரியாக வினாடிக்கு 1.3 லிட்டர். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பதால் உச்ச ஓட்டம் இதைப்போல் ஐந்து மடங்கு என்று கணக்கிடுவார்கள். அப்போதும் 6.5 லிட்டர்தான். 225 மி.மீ. குழாய் ஒன்று வினாடிக்குச் சுமார் 32 லிட்டர் கொண்டுபோகும். எனவே இன்னொரு வீடு சேர்வது பெரும்பாலும் பாரமே இல்லை.

பாரம் மழைநீர்தான். நம் நாட்டில் மழைநீருக்குக் கால்வாய், கழிவுநீருக்கு மூடிய குழாய் என இரண்டும் தனித்தனி. சிலர் கூரைத் தண்ணீரையும் கழிவுநீர்க் குழாயில் விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை பெய்தால், 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து 6,000 லிட்டர் இறங்கும். வினாடிக்கு 1.7 லிட்டர்! நூறு வீடுகளின் சராசரிக் கழிவுநீரைவிட ஒரே கூரை அதிகம். இப்படி இருபது கூரைகள் சேர்ந்தால் குழாய் நிரம்பிவிடும். பிறகு கொத்தனாரின் ரப்பர் குழாய்க் கதைதான்: நீர் தன் மட்டத்தைத் தேடி, தெருவிலேயே தாழ்வான வீட்டின் குளியலறைத் துவாரம் வழியாக மேலே வரும். தவறு செய்தவர் வீட்டில் அல்ல, பள்ளத்தில் இருப்பவர் வீட்டில். அந்த வீட்டுக்காரர்தான் மலநீரைத் துடைக்க வேண்டும். இணைப்புக் கொடுக்குமுன் அதிகாரிகள் கூரைக் குழாய் எங்கே போகிறது என்று கேட்பதை வீண் தொல்லை என்று சொல்வோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

எனவே, தெரிந்த பிளம்பரை வைத்துச் சாலையைத் தோண்டிச் சேர்த்துவிடுவது கூடாது. 2006 நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ், ஸ்பான் ஆணையத்தின் மேற்பார்வையில் இது நடக்கிறது. இண்டா வாட்டரிடம் கேட்டால் அருகிலுள்ள குழாய் அவர்களுடையதா, எவ்வளவு ஆழம், இடம் இருக்கிறதா என்பது தெரியவரும். இணைப்புக் கிடைத்த பிறகு பழைய தொட்டியைக் காலி செய்து மூடவும் வேண்டும். அப்படியே விட்டால் கொசுவுக்கு வீடாகும்.

கிடைக்காவிட்டால் தொட்டி தொடரும். ஆனால் அது கழிவை ஓரளவுதான் சுத்திகரிக்கிறது. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா கசட்டின் ஒரு பகுதியைச் சிதைக்கும். மீதி அடியில் சேரும். கசடு உயர உயர நீர் தங்கும் நேரம் குறைந்து, அரைகுறைக் கழிவு கால்வாய் வழியே ஆற்றுக்குப் போகும். அதற்காகத்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு அகற்றச் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது ரப்பர் குழாய் தேடிக்கொண்டிருக்கிறார். முற்றம் சாலையைவிட எத்தனை சென்டிமீட்டர் தாழ்வு என்று திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.