தெய்வத்துக்குப் பயந்தவர்

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் ஒருவரை முழுமையாக நம்பலாம் என்று சொல்ல வேண்டுமானால் மூத்தோர் நீண்ட விளக்கம் தருவதில்லை. "அவர் தெய்வத்துக்குப் பயந்த மனிசன்" என்பார்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுக்கும்போதும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போதும், கைமாற்றாகப் பணம் கொடுக்கும்போதும் அந்த ஒரு வாக்கியம் போதும். அதன் பொருளைச் சற்று நின்று நோக்குவோம். ஒருவர் அஞ்சுகிறார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் கேட்பவர் உள்ளத்தில் எழுவதோ ஆறுதல். அவர் இறைவனுக்கு அஞ்சுகிறார். ஆகவே அவருக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. இறையச்சத்தைப் பற்றித் திருவிவிலியம் சொல்வதில் பெரும்பகுதி இந்த நாட்டு வழக்கினுள் அடங்கியிருக்கிறது.

ஆயினும் இன்று நம் மறையுரைகளில் இச்சொல் அரிதாகிவிட்டது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. நரகத்தின் நெருப்பை மட்டுமே காட்டிப் பிள்ளைகளை ஆலயத்துக்கு அழைத்த காலம் ஒன்று இருந்தது. குழப்படி செய்யும் குழந்தையிடம் "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். நேர்த்தியை நிறைவேற்றத் தவறினால் புனிதர் தண்டித்துவிடுவார் என்று நடுங்குவோரும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுவான்கரையின் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனபோது, யாருடைய பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கேட்டவர்கள் பலர். பிள்ளையை இழந்த தாயின் முன்னே அந்தக் கேள்வியைக் கேட்பது எத்துணைக் கொடுமை! சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை முன்வைத்து ஆண்டவர் இயேசுவே, இறந்தவர்கள் மற்றவர்களை விடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று மறுத்திருக்கிறார் (லூக்கா 13). எனவே அத்தகைய அச்சத்தை நாம் கைவிட்டது சரியே. ஆனால் களையைப் பிடுங்கும்போது பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டோமோ என்பதே என் கவலை.

திருவிவிலியத்தில் "கடவுளுக்கு அஞ்சி" என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று தேடிப் பாருங்கள். வியப்பாக இருக்கும். அவை வழிபாட்டு இடங்களில் மட்டும் வருவதில்லை. வலியவன் எளியவன்மீது கை ஓங்கக்கூடிய இடங்களிலும் வருகின்றன.

எகிப்தில் பிறக்கும் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடுமாறு பார்வோன் மருத்துவிச்சிகளுக்குக் கட்டளையிடுகிறான். அவர்கள் கொல்லவில்லை. காரணம் ஒன்றுதான் கூறப்படுகிறது: அவர்கள் கடவுளுக்கு அஞ்சினார்கள் (விடுதலைப் பயணம் 1). அரசனுடைய ஆணைக்கும் பச்சிளம் குழந்தையின் கழுத்துக்கும் இடையே நின்றது அந்த அச்சம். சிப்ரா, பூவா என்று அவ்விரு பெண்களின் பெயர்களையும் குறித்துவைத்த திருநூல், அந்தப் பார்வோனின் பெயரைக் குறிக்கவில்லை என்பதையும் போகிற போக்கில் கவனித்துக்கொள்ளலாம்.

லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. செவிடரைப் பழிக்காதே, பார்வையற்றவர் வழியில் இடறும் பொருளை வைக்காதே, உன் கடவுளுக்கு அஞ்சு என்ற கருத்து அங்கே வருகிறது. செவிடருக்குப் பழிச்சொல் கேட்காது. பார்வையற்றவருக்குத் தடையை வைத்த கை தெரியாது. அதாவது, பிடிபட வழியே இல்லாத குற்றங்கள் இவை. சாட்சியில்லை, வழக்கில்லை, தண்டனையில்லை. அந்த இடத்தில் கையைத் தடுக்க வேறு எதுவும் இல்லாததால்தான் சட்டம் இறையச்சத்தை அழைக்கிறது.

யோசேப்பின் வரலாறும் அவ்வாறே. தம்மை விற்றுவிட்ட சகோதரர்கள், தம்மை இன்னார் என்று அறியாமல், எகிப்தின் ஆளுநராகிய அவர் முன் தானியம் கேட்டு நிற்கிறார்கள். ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டி அவர்களைக் காவலில் வைக்கிறார். ஒருவன் மட்டும் ஊருக்குப் போகட்டும், மற்ற அனைவரும் சிறையில் இருக்கட்டும் என்பது அவரது முதல் முடிவு. மூன்றாம் நாள் அந்த முடிவு தலைகீழாக மாறுகிறது: ஒருவன் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் பட்டினியால் வாடும் தங்கள் வீட்டாருக்குத் தானியம் கொண்டுபோகட்டும். ஏன் இந்த மாற்றம்? தாம் கடவுளுக்கு அஞ்சுபவர் என்பதே யோசேப்பு சொன்ன விளக்கம் (தொடக்க நூல் 42). கேட்பாரற்ற அதிகாரம் கையில் இருந்தபோது அவரை அந்த அச்சம் மூன்றே நாளில் திருப்பியது.

இதற்கு எதிர்ப்படமாக ஆண்டவர் சொன்ன உவமையில் ஒரு நடுவர் வருகிறார். அவர் கடவுளுக்கும் அஞ்சவில்லை, மனிதரையும் மதிக்கவில்லை (லூக்கா 18). இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பது தற்செயலன்று. முன்னது போய்விட்டால் பின்னது நெடுநாள் நிலைப்பதில்லை. நீதி கேட்டு அலைவதோ ஒரு கைம்பெண்!

இங்கே ஒரு வினா எழும். நிறைவான அன்பு அச்சத்தைப் புறம்பே தள்ளிவிடும் என்று யோவான் தம் முதல் மடலில் போதிக்கிறாரே. அப்படியானால் கிறிஸ்தவனுக்கு அச்சம் எதற்கு? திருச்சபையின் தந்தையர் இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. அம்மடலுக்கு விளக்கவுரை ஆற்றிய புனித அகுஸ்தீனார் தையல் வேலையை உவமையாக்கினார். ஊசி முதலில் துணியில் நுழைகிறது. அது வெளியேறினால்தான் நூல் உள்ளே இடம்பெறும். ஆனால் ஊசி போகாத இடத்தில் நூல் போவதுமில்லை. தண்டனைக்கு அஞ்சும் அச்சம் அந்த ஊசி, அன்பே நூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் இதை மேலும் தெளிவாக்கி, அடிமையின் அச்சம் வேறு, பிள்ளையின் அச்சம் வேறு என்றார். அடிமை அஞ்சுவது சவுக்குக்கு. பிள்ளை அஞ்சுவது தந்தையின் மனம் நோகுமே, அவரைவிட்டுத் தான் பிரிந்துவிடுவோமே என்பதற்கு. அன்பு வளர வளர முன்னது தேயும், பின்னது ஆழமாகும். தூர தேசத்தில், கேட்பாரில்லாத அறையில் இருக்கும் இளைஞன் ஒருவன் தன் தாயின் முகத்தை நினைத்து ஒரு தீய செயலிலிருந்து விலகுகிறான் என்றால், அவன் தாயின் அடிக்குப் பயந்தா விலகுகிறான்?

உறுதிப்பூசுதல் திருவருட்சாதனத்தில் ஆயர் கைகளை விரித்துத் தூய ஆவியின் கொடைகளுக்காக மன்றாடும்போது ஏழாவதாக வருவதும் இதுவே. எசாயா இறைவாக்கினர் பதினோராம் அதிகாரத்தில் இக்கொடைகளைச் சொல்லும்போது எபிரேய மூலத்தில் இறையச்சத்தை இருமுறை குறிப்பிடுகிறார். பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகள் அவற்றுள் முதலாவதைப் பக்தி என்று பெயர்த்தன. அவ்வாறே எண்ணிக்கை ஏழானது. பக்தியும் அச்சமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 2014 ஜூன் 11ஆம் நாள் தமது புதன் மறைக்கல்வி உரையில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இக்கொடையைப் பற்றிப் பேசினார். கடவுளைக் கண்டு பயந்து ஒளிவதன்று இது, அவர் முன் நம் சிறுமையை உணர்ந்து அவர் அன்பில் நம்மை ஒப்படைப்பது என்றார். அதோடு நிற்கவில்லை. பாவத்தில் கல்லாய்ப் போனவர்களுக்கு இது எச்சரிக்கை மணி என்று கூறி, ஊழல் செய்வோரையும், மனிதரை விற்போரையும், ஆயுதம் செய்து பணம் சேர்ப்போரையும் சுட்டிக்காட்டினார். ஏழைகளின் பாவங்களை மட்டும் பட்டியலிடும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

இனி நம் ஊருக்கு வருவோம். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குச் சென்றவர்களுக்கு அச்சத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2007 வரை ஒரு கரையில் அரச படையினர், மறு கரையில் விடுதலைப் புலிகள். நடுவே நெல் மூட்டையோடும் நோயாளியோடும் சோதனைச் சாவடியில் காத்துநின்ற மக்கள். யார் கேள்வி கேட்பாரோ, எந்தப் பதில் யாருக்குத் தவறாகுமோ என்ற நடுக்கமே அன்றாட வாழ்வாயிற்று. மனிதர் மனிதருக்கு அஞ்சிய காலம் அது. அந்தக் காலத்திலும் அஞ்சாது பேசியவர்கள் இருந்தார்கள். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்து மக்களுக்காகக் குரல் கொடுத்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ, 1988 ஜூன் 6ஆம் நாள் மரியன்னை ஆலய வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உடலை மட்டும் கொல்ல வல்லவர்களுக்கு அஞ்ச வேண்டாம் என்று மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அவர் நினைவு எழுகிறது. யாருக்கு அஞ்ச வேண்டும் என்று ஆண்டவர் கூறிய அடுத்த நொடியிலேயே சிட்டுக்குருவிகளைப் பற்றியும், எண்ணப்பட்ட தலைமுடிகளைப் பற்றியும் பேசுகிறார். நாம் அஞ்ச வேண்டியவர், குருவிகளையும் மறவாத தந்தை!

போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2018 நவம்பர் 30 அதிகாலையில், வவுணதீவுச் சோதனைச் சாவடியில் காவலில் இருந்த இரு பொலிஸ் உத்தியோகத்தர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். மாவீரர் நாள் கடந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள்மீது விழுந்தது. அவர்களுள் ஒருவர் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு வந்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுவர்கள். அதன் பின் நடந்த விசாரணையிலேயே வவுணதீவுக் கொலைகளும் அதே கூட்டத்தின் செயல் என்பது வெளிப்பட்டது. தடுத்து வைக்கப்பட்டிருந்தவர் மே மாதம் விடுவிக்கப்பட்டார்.

அந்த ஐந்து மாதங்களில் அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். அவர் குற்றவாளிதான் என்று சந்தியிலும் தேநீர்க் கடையிலும் தீர்ப்புச் சொன்ன நாவுகள் எத்தனை இருந்திருக்கும்! பார்வையற்றவர் வழியில் கல்லை வைப்பதும், தன் தரப்பைச் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர்மீது பழி வைப்பதும் ஒரே வகைக் குற்றம். லேவியர் நூல் இறையச்சத்தை அழைப்பது இத்தகைய இடத்தில்தான். அதிகாரத்தில் இருந்தோருக்கும் இது பொருந்தும். முன்னெச்சரிக்கைகள் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமையால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என உத்தரவிட்டது. உவமையின் கைம்பெண்ணைப் போல நீதிக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்னும் பல உள்ளன.

கொன்றவர்களும் கடவுளின் பெயரைச் சொல்லித்தானே கொன்றார்கள் என்று கேட்கலாம். சொன்னார்கள். ஆனால் கடவுளுக்கு அஞ்சுபவன் தன் தீர்ப்பைக் கடவுளின் தீர்ப்பாக உயர்த்திக்கொள்ளத் துணியமாட்டான். தான் தவறக்கூடியவன் என்ற நடுக்கம் அவனிடம் எப்போதும் இருக்கும். மருத்துவிச்சிகள் கடவுளுக்கு அஞ்சியதால் குழந்தைகள் பிழைத்தன. சீயோனிலோ குழந்தைகள் இறந்தன. எது இறையச்சம் என்று அறிய இந்த ஒரு அளவுகோல் போதுமானது. நம் முஸ்லிம் அயலவர்கள் 'தக்வா' என்ற தங்கள் சமயச் சொல்லைத் தமிழில் பெயர்க்கும்போது இறையச்சம் என்றே சொல்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. சொல் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்திய மாதங்களில் அச்சொல்லின் பேராலேயே அக்கொலைகளைக் கண்டித்த முஸ்லிம்கள் பலர். ஆயினும் ஒரு சமூகம் முழுவதையும் ஐயத்தோடு நோக்கிய கண்கள் நம்மிடையே இருந்தன.

ஆபிரகாம்கூட ஒருமுறை அப்படி நோக்கினார். கெரார் நாட்டுக்குப் போனபோது, இந்த இடத்தில் கடவுளச்சமே இருக்காது, என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று எண்ணித் தம் மனைவியைச் சகோதரி என்று சொன்னார். அந்தப் பொய்யால் அரசன் அபிமெலக்கு பெரும் தீங்கில் விழ இருந்தான். கனவில் கடவுள் எச்சரித்ததும் அவனும் அவன் பணியாளர்களும் மிகவும் அஞ்சினார்கள். சாராவைத் திருப்பி அனுப்பினார்கள். கடவுளச்சம் இல்லை என்று நம்பிக்கையின் தந்தை முடிவுகட்டிய ஊரில்தான் அது நிறைய இருந்தது (தொடக்க நூல் 20). அதன் பிறகு ஆபிரகாம் செய்தது ஒன்றே: அபிமெலக்குக்காகவும் அவன் வீட்டாருக்காகவும் மன்றாடினார்; அவர்கள் நலம்பெற்றார்கள்.

ஆயித்தியமலை சதா சகாய அன்னையின் திருவிழாவுக்கு வலையிறவுப் பாலம் கடந்து செல்லும் குடும்பங்கள் வவுணதீவில் ஒரு நிமிடம் நின்று, அங்கே மடிந்த இருவருக்காகவும், சிறையிலிருந்து திரும்பிய அந்த மனிதரின் வீட்டாருக்காகவும், வாவியின் எல்லாக் கரைகளிலும் வாழும் அயலவருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிச் செல்வார்களாக.