சின்ன ரயிலுக்குச் செயற்கை உந்தம்

ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு வட்டாரத்தில் மினியாத்தூர் வுண்டர்லாண்ட் இருக்கிறது. 2001-இல் திறந்தார்கள். அசலில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள ரயில்கள் ஓடும் மாதிரி உலகம் அது. முதல் தடவை போகிறவர்கள் மலைகளையும் விமான நிலையத்தையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு ரயில் நிலையத்தின் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். ரயில் நடைமேடைக்குள் எப்படி நுழைகிறது என்பதில்தான் அவர்களுடைய கண் இருக்கும். வேகம் மெல்லத் தணிந்து, ஊர்ந்து, சிக்னலுக்குச் சற்று முன்னால் வந்து நின்றால் அது நல்ல ரயில். கடையில் வாங்கிய பொம்மை ரயில் அப்படி நிற்காது. மின்சாரம் போன அந்த நொடியே அடித்து வைத்ததுபோல் நின்றுவிடும்.

ஏன் இப்படி? "அதற்கு எடை இல்லை, அதனால்தான்" என்பார்கள். கேட்கச் சரிபோலத் தோன்றினாலும் கணக்கு ஒத்துவராது. நீளம் 87 மடங்கு குறைந்தால் கனஅளவு 87-இன் கனமடங்கு, அதாவது சுமார் 6.58 லட்சம் மடங்கு குறையும். 120 டன் எஞ்சினை அப்படியே சுருக்கினால் 180 கிராம் சொச்சம்தான் வரும். மாதிரி எஞ்சின்களோ பெரும்பாலும் அதைவிடக் கனமானவை. சக்கரம் வழுக்காமல் இருக்கட்டும் என்று உள்ளே உலோகக் கட்டியை வைத்தே செய்கிறார்கள். அதுவும் போக, உராய்வால் நிற்கும் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்ற சமன்பாட்டில் எடை தானே அடிபட்டுப் போகும்.

குற்றவாளி வேகம்தான். 100 கி.மீ. வேகத்தில் வரும் அசல் ரயில், நொடிக்கு அரை மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஏறத்தாழ 770 மீட்டர் ஓடி 55 நொடியில் நிற்கும். மாதிரி ரயிலில் அந்த வேகம் நொடிக்கு 32 சென்டிமீட்டர். அதே வீதத்தில் பிரேக் பிடித்தால் 10 சென்டிமீட்டரில் கதை முடிந்துவிடும். பார்வைக்கு இயல்பாக இருக்க வேண்டுமானால் 770 மீட்டரின் 87-இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 9 மீட்டர், ஓட வேண்டும். தண்டவாளம் 87 மடங்குதான் சுருங்குகிறது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 87-இன் வர்க்கத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஈர்ப்பு விசைக்கும் உராய்வுக்கும் பொம்மை எது, அசல் எது என்று தெரியாதே!

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மாதிரி எஞ்சினில் மோட்டாரையும் சக்கரத்தையும் இணைப்பது பெரும்பாலும் திருகுமறை போன்ற பல்சக்கரம். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் பொதுவாக மோட்டாரைச் சுற்ற முடியாது. ஆகவே மோட்டார் நின்றால் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். மோட்டார் தண்டில் சிறு பறப்புச் சக்கரங்களை (ஃப்ளைவீல்) பொருத்திக் கொஞ்சம் சமாளித்தார்கள். அது சில சென்டிமீட்டர் தாங்கும், அவ்வளவுதான்.

இயற்கை தராத உந்தத்தை எண்ணால் தர வழி செய்தது டிஜிட்டல் கட்டுப்பாடு. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் டி.சி.சி. என்ற பொதுத் தரத்தை வகுத்தது. முன்பெல்லாம் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவார்கள்; ஒரே பாதையில் உள்ள எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்தே ஓடும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் துருவம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1; 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்று இதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

அந்த டிகோடரின் நினைவகத்தில் சி.வி. எனப்படும் அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதலாம். இதற்கென்று தனியாகப் பிரித்த தண்டவாளத் துண்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுதுவது வழக்கம். டிகோடருக்கு வாய் கிடையாது. "எழுதியாகிவிட்டது" என்று எப்படிச் சொல்லும்? 6 மில்லி நொடி நேரம் 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். பெரும்பாலும் மோட்டாரை ஓட்டித்தான் இழுக்கும் என்பதால், ஒவ்வொரு பதிலுக்கும் எஞ்சின் லேசாகத் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சி.வி. 2 தொடக்க மின்னழுத்தம், 5 உச்சம், 6 நடுவேகம். நின்ற சக்கரத்தைக் கிளப்பத் தேவையான விசை, ஓடும் சக்கரத்துக்குத் தேவையானதைவிட அதிகம். அதனால் ஓட்டுநர் கையில் உள்ள வேகக் குமிழை முதல் படியில் வைத்துக்கொண்டு, சி.வி. 2-ஐ ஒவ்வொன்றாக ஏற்றி, எஞ்சின் ஊர ஆரம்பிக்கும் எண்ணில் விட்டுவிட வேண்டும். உச்சத்தை 255-லேயே விடுவது பொம்மைத்தனம். யார்டில் பெட்டிகளைச் சேர்க்கும் ஷண்டிங் எஞ்சினுக்குப் பந்தய வேகம் எதற்கு?

நல்ல டிகோடர்கள் மோட்டாருக்குத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும். துடிப்புகளுக்கு இடையே, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளக்கும். அது குறைந்தால் ஏற்றம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு துடிப்பை நீட்டும். மாதிரி ரயில் நத்தைபோல் ஊர்வதே இதனால்தான். உந்தக் கணக்கைவிட இதுதான் பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றும்.

உந்தத்துக்கு வருவோம். சி.வி. 3 வேகம் எடுக்க, சி.வி. 4 வேகம் குறைய. எழுதும் எண்ணை 0.896-ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு, அல்லது முழு வேகத்திலிருந்து நிற்க, எத்தனை நொடி ஆகும் என்று கிடைக்கும். மேலே சொன்ன 55 நொடிக்கு 62 என்று எழுத வேண்டும். ஆனால் 9 மீட்டர் நீளத் தண்டவாளம் எத்தனை வீட்டில் இருக்கும்? 20 என்று வைத்தால் 18 நொடி, 3 மீட்டருக்குள் நின்றுவிடும். கண்ணும் ஏமாறும், சுவரும் தப்பும்.

ஒரு கவனம் வேண்டும். தொடக்க, உச்ச வேகங்களைச் சரிசெய்து முடிக்கும்வரை 3, 4 இரண்டும் 0-வில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எஞ்சின் தாமதிப்பது உந்தத்தாலா, மின்னழுத்தம் போதாததாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். இரண்டு எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டும் அமெரிக்கப் பாணிச் சரக்கு ரயிலுக்கு இது இன்னும் முக்கியம். ஒன்று விரைந்தால் மற்றதை இழுக்கும், சக்கரங்கள் வழுக்கும். இரண்டையும் சற்று இடைவெளி விட்டு ஒரே வட்டத்தில் ஓடவிட்டு, வேகமானதன் எண்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூன்று எண்கள் போதாவிட்டால் சி.வி. 67 முதல் 94 வரை 28 வேகப் படிகளுக்குத் தனித்தனி எண் எழுதும் அட்டவணையே உண்டு.

உந்தம் கூடினால் ஓட்டுநர் வேலையும் கூடும். சிக்னல் வருமுன்பே குமிழைக் குறைக்காவிட்டால் ரயில் அதைத் தாண்டிப் போய்விடும். சி.வி. 4-ஐ வேண்டுமென்றே மிக உயரத்தில் வைத்துவிட்டு, பிரேக்குக்குத் தனிப் பொத்தான் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒலி தரும் டிகோடர்கள் சிலவற்றில் அந்த வசதி இருக்கிறது. கணினியே ரயில்களை நிறுத்தும் இடங்களில் நிலைமை தலைகீழ்: டிகோடரின் உந்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வேகத்தை யார் குறைப்பது என்பதில் இரண்டு எஜமானர்கள் ஆகாது.

இத்தனை எண்களைக் கையால் தட்டுவது சலிப்பு என்றுதான் ஆர்வலர்கள் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளை எழுதினார்கள். முன்னின்றவர் பெர்க்லியின் இயற்பியலாளர் பாப் ஜேக்கப்சன். எந்த டிகோடரில் எந்த அறை எதற்கு என்று தொகுத்த அவர்களுடைய கோப்புகளை ஒரு வணிக நிறுவனம் நிபந்தனையை மதிக்காமல் எடுத்துக்கொண்டதாக அவர் வழக்குத் தொடுத்தார். திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008-இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொன்னது. இன்றும் மென்பொருள் உலகம் எடுத்துக்காட்டும் அந்தத் தீர்ப்பு பிறந்தது பொம்மை ரயில் எண்களில்.

எண்களை மாற்றி மாற்றி எல்லாம் குழம்பிவிட்டால், பல நிறுவனங்களின் டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் தொழிற்சாலை அமைப்புகள் திரும்பிவிடும். எஞ்சினின் எண்ணும் அதோடு 3 ஆகிவிடும். பழைய எண்ணில் அழைத்துவிட்டு, டிகோடர் எரிந்துபோயிற்று என்று கழற்ற ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர்.